அஃபோர்டன்ஸ்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

தே. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அன்றாட வாழ்க்கைக்கான ஊடாட்டக் ('இன்டராக்டிவ்') கருவிகளை உருவாக்கும் வடிவமைப்பாளர்கள், ஆய்வாளர்கள் பற்றிய ஒரு பாடநூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் இயலை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் 'அஃபோர்டன்ஸ்' வந்து நிற்கிறது. கதவில் தட்டையான தகடு பதித்திருந்தால் கை தானாகத் தள்ளுகிறது. பிடி வைத்திருந்தால் இழுக்கிறது. அந்தத் தகடும் பிடியும் நமக்குத் தருவது எதுவோ, அதற்கு ஒரு பெயர் வேண்டும். இப்போதைக்கு 'இயல்திறன்' என்று போட்டு வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. ஒலிபெயர்த்துவிடலாம் என்றால், மாணவர்கள் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும்.

ந. எழுதியது:

இயல்திறன் வேண்டாம். திறன் என்றதும் அது பொருளுக்குள்ளேயே குடியிருக்கும் ஒன்றாகிவிடுகிறது. சொல்லை உண்டாக்கிய உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1979ஆம் ஆண்டு நூலில் வாதிடுவதே அதற்கு எதிராகத்தான். முழங்கால் உயரத்தில் ஒரு திட்டு இருக்கிறது. யாருடைய முழங்கால் என்று கேட்க வேண்டும். வளர்ந்தவருக்கு அது இருக்கை, தவழும் குழந்தைக்குச் சுவர். திட்டு மாறவில்லை, உடல் மாறிவிட்டது. இந்த உறவு சொல்லில் இல்லாவிட்டால் வகுப்பில் பாதி நேரம் சொல்லைத் திருத்துவதிலேயே போய்விடும்.

இன்னோர் உளவியலாளர் டான் நார்மன் 1988இல் ஒரு நூல் வழியே இதை வடிவமைப்பாளர்களிடம் கொண்டுவந்தார். அதன் பிறகு 'இந்தத் திரையில் ஓர் அஃபோர்டன்ஸ் சேர்த்திருக்கிறேன்' என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சேர்த்தது வெறும் படம். தொடுதிரையின் எந்த இடத்தையும்தான் விரலால் தொடலாம். நார்மனே சலித்துப்போய், 'இங்கே தொடு' என்று காட்டும் அடையாளத்தை 'சிக்னிஃபயர்' என்று பிரித்து, அந்த நூலுக்கு 2013இல் வந்த திருத்திய பதிப்பில் அதற்குத் தனி இடம் கொடுத்தார். தமிழில் தொடங்கும்போதே இரண்டையும் குழப்பாமல் இருந்தால் நல்லது.

செ. எழுதியது:

மென்பொருள் தமிழாக்கத்தில் 'ஏதுவான' என்று அடிக்கடி எழுதுகிறோம். 'உட்கார ஏதுவான உயரம்', 'ஒற்றைக் கையால் பிடிக்க ஏதுவான அகலம்'. யாருக்கு, எதற்கு என்ற கேள்வி உள்ளேயே இருக்கிறது. ஏதுமை என்று வைக்கலாமா?

அறி. எழுதியது:

தம்பி, ஏது என்பது ஹேது. வடசொல்லுக்கு -மை விகுதி ஒட்டிவிட்டால் தமிழாகிவிடுமா? 'செயலழைப்பு' என்று வையுங்கள். பொருள் நம்மைச் செயலுக்கு அழைக்கிறது. இரண்டும் நல்ல தமிழ், விளக்கமும் தேவைப்படாது.

செ. எழுதியது:

ஐயா, கைப்பேசியில் 'அழைப்பு' என்றால் ஒன்றுதான். 'கதவின் செயலழைப்பு' என்று படிப்பவர் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பார்.

ந. எழுதியது:

அதோடு, அழைக்காமலும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கதவும் தள்ளினால் திறக்கும். மறைந்திருக்கும் ஒன்றை அழைப்பு என்பது எப்படி?

மு.கி. எழுதியது:

இரண்டு நாளாக இந்த மடல் இழை ஓடுவதை இன்றுதான் பார்த்தேன். அறி. அவர்களே, தொல்காப்பியர் எச்சவியலில் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்குக்கும் செய்யுளில் இடம் கொடுத்திருக்கிறார். கதவுப் பிடி பற்றிய பாடத்துக்கு நாம் ஏன் அவரைவிடக் கறாராக இருக்க வேண்டும்?

அதைவிட, முதல் மடலில் யாரும் கவனிக்காமல் தாண்டிய சொல் 'ஊடாட்டம்'. இதை ஊடலோடு சேர்த்து, கருவிக்கும் மனிதருக்கும் பிணக்கு என்று கேலி செய்பவர்கள் இருக்கிறார்கள். குறளின் கடைசி அதிகாரமே ஊடலுவகை. பிணக்கில் இன்பம் உண்டு என்பதால் கேலி அவ்வளவு பொருந்தாமலும் இல்லை! ஆனால் இங்குள்ள ஊடு 'இடை, நடு' என்னும் ஊடு. ஊடே போய் வருவது ஊடாடுவது. நெசவில் குறுக்கே ஓடும் இழையும் ஊடுதான். பாவுக்குள் அது போய் வந்து போய் வந்து துணியாகிறது. மனிதர் ஒன்று செய்ய, கருவி ஒன்று செய்ய, மறுபடி மனிதர் ஒன்று செய்ய என்று பின்னிப் போவதற்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. 'இடைவினை' என்று எழுதுபவர்கள் இந்தப் போக்குவரத்தை இழந்துவிடுகிறார்கள். அது இயற்பியலில் துகள்களுக்குச் சரி.

ஆங்கிலத்திலும் இந்தப் பெயர் எளிதாக வரவில்லை. வடிவமைப்பாளர் பில் மாக்ரிட்ஜ் 1980களில் இந்தத் துறைக்கு முதலில் யோசித்த பெயர் 'சாஃப்ட்ஃபேஸ்'. பிறகுதான் பில் வெர்ப்ளாங்க்கோடு சேர்ந்து 'இன்டராக்‌ஷன் டிசைன்' என்று மாற்றினார். மென்முக வடிவமைப்பு என்று இன்று நாம் தமிழாக்கிக்கொண்டிருக்க வேண்டியது. தப்பித்தோம்.

தே. எழுதியது:

ஐயா, ஊடாட்டத்தை நான் மாற்றப்போவதில்லை. என் சிக்கல் கதவுப் பிடியோடு. நாளை மறுநாள் வெள்ளி.

ஒன்று தோன்றியது. 'கைக்கு வாகாக இருக்கிறது' என்கிறோம். இடக்கைப் பழக்கமுள்ளவர் சாதாரணக் கத்தரிக்கோலை எடுத்து 'எனக்கு இது வாகில்லை' என்பார். கத்தரிக்கோலில் குறையில்லை, அவர் கையிலும் குறையில்லை. ந. சொன்ன உறவு அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறதே. 'வாகு' போதாதா?

செ. எழுதியது:

போதும். ஈரெழுத்து. பொத்தானில் கூட அடங்கும்.

அறி. எழுதியது:

வாகு என்பது வடமொழி 'பாஹு'. தோள். வீரவாகு தேவர் பெயரில் இருப்பது அதுதான், வாகுவலயத்தில் இருப்பதும் அதுதான். ஏதுவைத் தள்ளிவிட்டு இதை எடுப்பதில் என்ன லாபம்?

மு.கி. எழுதியது:

அது வேறு வாகு, இது வேறு வாகு. உடல்வாகு என்பதில் தோள் எங்கே வந்தது? அங்கே வாகு என்பது அமைப்பு. என் கருத்தில் இது வகு என்னும் வேரோடு தொடர்புடையது. வகுத்து அமைந்தது வாகு. பகு பாகு ஆவதை வைத்துப் பாருங்கள். வகை, வகுப்பு, வாகு என்று ஒரு குடும்பமாகவே

(மடல் நீளம் கருதி மீதியைத் தனி இழையில் எழுதுகிறேன்.)

ந. எழுதியது:

வாகு எனக்கும் இனிக்கிறது, ஆனால் இடிக்கிறது. அது எப்போதும் நல்லதை மட்டுமே குறிக்கிறது. கிப்சன் நல்லதற்கும் கெட்டதற்கும் சேர்த்தே பேசுகிறார். மலை விளிம்பு விழுவதைத் தருகிறது. கூர்மையான ஓரம் வெட்டுப்படுவதைத் தருகிறது. 'விழ வாகான விளிம்பு' என்று எழுத முடியுமா? வீட்டுக் கருவிகளில் ஆய்வு செய்பவர்களுக்கு இதுதான் பெரிய பிரச்சினை. கணினிகள் கண்ணில் படாமல் அன்றாடப் பொருள்களுக்குள் கரைந்துவிட வேண்டும் என்று கணினி அறிவியலாளர் மார்க் வைசர் 1991இல் எழுதினார். மேசைக்குள்ளும் விளக்குக்குள்ளும் அது கரைந்த பிறகு, தெரியாமல் கைபட்டு நடப்பதும் கணக்கில் வர வேண்டும்.

என் பரிந்துரை 'இடங்கொடை'. 'சந்தேகத்துக்கு இடங்கொடுக்கிறது', 'பேச்சுக்கு இடங்கொடுக்காதே' என்கிறோம். நல்லதுக்கும் கெட்டதுக்கும் இடங்கொடுக்கலாம். கிப்சனும் இப்படித்தான் செய்தார். வினை அகராதியில் இருக்கிறது, பெயர் இல்லை, நானே உண்டாக்கினேன் என்று அவரே எழுதியிருக்கிறார்.

செ. எழுதியது:

இடங்கொடை என்று தலைப்பில் பார்த்தால் யாரோ மனை தானம் செய்கிறார்கள் என்று நினைப்பேன்.

அறி. எழுதியது:

முதல் முறையாகச் செ.வோடு உடன்படுகிறேன். ஆனால் தூய தமிழ் என்பதால் இடங்கொடைக்கே என் வாக்கு.

ந. எழுதியது:

நாற்காலி காரணப்பெயர். ஒற்றைத் தண்டில் சுழல்வதையும் நாற்காலி என்கிறோம், யாரும் கால்களை எண்ணுவதில்லை. புழங்கினால் மனை தானம் மறந்துவிடும்.

தே. எழுதியது:

இரண்டையும் இயலில் போட்டுப் பார்த்தேன். ஆய்வாளர் வில்லியம் கேவர் 1991இல் செய்த அஃபோர்டன்ஸ் பாகுபாடு ஒரு பக்கம் முழுக்க வருகிறது. 'புலப்படு வாகு, மறைவாகு, பொய்வாகு' என்று எழுதினால் ஓடுகிறது. 'புலப்படு இடங்கொடை, மறை இடங்கொடை, பொய் இடங்கொடை' என்றால் மூச்சு வாங்குகிறது. பிடியைப் பற்றியதும் திருகலாம் என்று தெரிகிறது, திருகியதும் தள்ளலாம் என்று தெரிகிறது. அவர் சொல்லும் இந்தத் தொடர்ச்சியை 'தொடர்வாகு' என்று முடித்துவிடலாம்.

மலை விளிம்புப் பத்தியில் மட்டும் 'விழ இடங்கொடுக்கிறது' என்று வினையாக எழுதுகிறேன். சரிதானே?

ந. எழுதியது:

கலைச்சொல் என்றால் எல்லா இடத்திலும் ஒன்றாக நிற்க வேண்டும். கெட்டது வந்தால் வேறு சொல்லுக்கு ஓடினால், கெட்டதும் அஃபோர்டன்ஸ்தான் என்பதை மாணவர் எங்கே கற்பார்? பெரும்பான்மை வாகு என்றால் சரி, போடுங்கள். அடிக்குறிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும்.

செ. எழுதியது:

வாகு. எனக்கு நாளை வேலை இருக்கிறது.

மு.கி. எழுதியது:

வாகுக்கு ஆதரவு. வேர் விளக்கம் வந்துகொண்டிருக்கிறது.

அறி. எழுதியது:

சொற்பட்டியலில் என் மறுப்பையும் பதிவு செய்யுங்கள்.

தே. எழுதியது:

இயல் போய்ச் சேர்ந்துவிட்டது. வாகு, ந. கேட்ட அடிக்குறிப்போடு. எல்லோருக்கும் நன்றி. அடுத்த இயலில் சிக்னிஃபயர். 'குறிப்பான்' என்று வைக்க நினைக்கிறேன்.

மு.கி. எழுதியது:

அது சசூரின் மொழியியலுக்குப் போய்விட்ட சொல் அம்மா. குறிப்பான், குறிப்பீடு என்று இலக்கியத் திறனாய்வாளர்கள் பல காலமாக எழுதிவருகிறார்கள். அதை எடுத்தால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அறி. எழுதியது:

வரட்டும். 'சுட்டி' இருக்கிறதே?

செ. எழுதியது:

சுட்டி மவுஸ் ஐயா.