ஏஸ் காம்பாட் 7 (போர் விமானம் ஓட்டற வீடியோ கேம்) ஓட்டின நம்ம ஊர்க்காரங்க அனுபவத்தைச் சொல்லுங்க (தர்மபுரி, கிருஷ்ணகிரி)

பென்னாகரத்தான்:
மூணு வாரமா ராத்திரி ஒரு மணிக்கு முன்னால படுக்கலை. நேத்துதான் 20 மிஷனும் முடிச்சேன். 2019-ல வந்த கேமை இப்ப வந்து பேசறியான்னு சிரிக்காதீங்க, நம்ம வீட்டுக்கு கிராபிக்ஸ் கார்டு வந்ததே இந்தப் பொங்கலுக்குத்தான்.

என்னை விழ வெச்சது மேகம். மத்த கேம்ல மேகம்னா சும்மா வெள்ளையா வரைஞ்சு வெச்சிருப்பாங்க. இதுல உள்ள நுழைஞ்சா கண்ணாடி மேல தண்ணி முத்து முத்தா ஓடும். கொஞ்ச நேரத்துல பனி பிடிக்கும், விமானம் சொன்ன பேச்சு கேக்காது. ஆனா பின்னால துரத்தற ஏவுகணைக்கும் நம்ம மேல பிடி தளர்ந்துடும். அதனால நுழையலாமா வேணாமான்னு ஒவ்வொரு தடவையும் மனசுல ஒரு கணக்கு ஓடும். ஏழாவது மிஷன்ல தூண் தூணா நிக்கிற பாறைகளுக்கு நடுவுல மின்னல் வேற. ஒண்ணு என் மேலயே இறங்கிடுச்சு. திரையில இருந்த எண்ணெல்லாம் கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆடுச்சு, சேரை விட்டே எழுந்துட்டேன்.

பதினாலாவதுல ராத்திரி நேரம், குறுகலான பள்ளத்தாக்கு, சர்ச்லைட்டுல படாம போகணும். அஞ்சு தடவை பாறையில மோதினேன். எங்க மாமா ஒகேனக்கல்ல பரிசல் போடறவர். பின்னாலயே உக்காந்து பாத்துட்டிருந்தவர், "பாறையவே பாத்துட்டிருந்தா பாறையிலதான்டா போய் முட்டுவ, நடுவுல இருக்கற இடைவெளியைப் பாரு"ன்னார். ஆறாவது தடவை தாண்டிட்டேன். மாமாவுக்கு டீ வாங்கிக் குடுத்தேன்.

மைனஸ்னு கேட்டா ஆறாவது மிஷன். 15 நிமிஷத்துக்குள்ள எண்ணெய்க் கிடங்கு, லாரின்னு கண்டதையெல்லாம் அடிச்சு பாயின்ட் சேக்கணும். கதையே நகராது. கூலிக்கு மண்ணு சுமந்த மாதிரி இருந்துச்சு.

ஓசூர் செகண்ட் ஷிப்ட்:
அண்ணே, எனக்கு ஒரே ஒரு உறுத்தல். ஒருதடவை பெங்களூரு எலகங்காவுல ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்குப் போயிருந்தேன், இங்கிருந்து பஸ் ஏறினா ரெண்டு மூணு மணி நேரத்துல போயிடலாம். நம்ம நாட்டு போர் விமானம் தேஜஸைக் கிட்ட நின்னு எண்ணிப் பாத்தேன். ஆயுதம், எண்ணெய் டாங்க் எல்லாம் சேத்து மாட்டறதுக்கு இருக்கறதே மொத்தம் 8 இடம். இந்த கேம்ல முதல்ல கைக்கு வர்ற எஃப்-16லயே அறுபதுக்கு மேல ஏவுகணை! எங்க இருந்துதான் வருதோ, அட்சய பாத்திரம் மாதிரி.

ஆனா யோசிச்சா அதுவும் சரிதான். எட்டு ஏவுகணையக் குடுத்துட்டு "போய் 40 பேரை அடி"ன்னா யாரு விளையாடுவா? நிஜம் வேணும்னா அசல் விமானம் மாதிரியே ஓட்டற சிமுலேட்டர் கேம் வாங்கிக்கோ, எஞ்சினை ஸ்டார்ட் பண்றதுக்கே அரை மணி நேரம் சுவிட்ச் தட்டிட்டு இரு.

எரிச்சலான இன்னொரு விஷயம், பிசிக்கு வந்தப்ப ஜாய்ஸ்டிக் எல்லாத்தையும் ஏத்துக்கலை, குறிப்பிட்ட சில மாடலுக்குத்தான் சப்போர்ட். காசு சேத்து வாங்கின என் ஸ்டிக் இன்னும் பீரோ மேல தூங்குது.

தருமபுரி டியூசன் அக்கா:
இங்க பொண்ணுங்களும் இருக்கோம்னு சொல்லிக்கறேன் 😄 எனக்கு இந்த கேம்ல ரொம்பப் பிடிச்சது ரேடியோ பேச்சு. எதிரி பைலட்டே நம்மளைப் பாத்து பயந்து புலம்பறது கேக்க அவ்ளோ சுகம். ஆனா கதையில பாதி அந்தப் பேச்சுலதான் வருது, அதுவும் பின்னால ரெண்டு பேர் துரத்தறப்ப. கீழ ஓடற எழுத்தைப் படிக்கப் போனா தரையில குத்திடறேன். ஒசியா, எருசியான்னு கற்பனை நாடு வேற, எது எங்க நாடுன்னே நாலு மிஷன் வரைக்கும் புரியலை. ஒரு தடவை வெறும் கதைக்காக யூடியூப்ல பாத்துட்டு அப்புறம் விளையாடினேன், அப்பதான் ருசிச்சுது.

அப்புறம் நம்ம ஊரு கரண்ட். நடுவுல செக்பாயின்ட் இருக்கு, தோத்தா அங்கிருந்து தொடரலாம், ஆனா மிஷன் முடியறதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா எனக்கு மறுபடி முதல்ல இருந்துதான். பதினஞ்சாவதுல ரெண்டு தடவை அப்படிப் போச்சு. அம்மா "நல்லதுதான்"னாங்க.

கேஆர்பி டேம் பெருசு:
தம்பிங்களா, நான் டிவி கேம் கேசட்டுல "1942"ங்கற விமான கேம் ஆடின காலத்து ஆளு. மேல பாத்து சுட்டுட்டே போகணும், மாட்டிக்கிட்டா ஒரு குட்டிக்கரணம், அவ்ளோதான். இதை பையன் வாங்கிக் குடுத்தான். இடது பக்கம் தள்ளினா விமானம் தானாவே திரும்புது, பக்கவாட்டுல உருள மாட்டேங்குது. ஆட்டோ ஓட்டற மாதிரி இருக்கேன்னு ரெண்டு நாள்ல மூடி வெச்சுட்டேன். அந்த ஆறாவது மிஷன்லயும் மூணு தடவை தோத்துட்டேன்.

பென்னாகரத்தான்:
பெரியப்பா, மூடி வெச்சிடாதீங்க! ஆப்ஷன்ல கன்ட்ரோலை ஸ்டாண்டர்டுல இருந்து எக்ஸ்பர்ட்டுக்கு மாத்துங்க, அப்பதான் உருளும். முதல் அரை மணி நேரம் தலை சுத்தும், பொறுத்துக்கோங்க. ஆறாவதுல மேல பறக்கற விமானத்தைத் துரத்தாதீங்க, நேரம் போயிடும். தரையை அடிக்கிற குண்டு மாட்டிக்கிட்டு, கும்பலா நிக்கிற இடமாப் பாத்துப் போடுங்க.

கேஆர்பி டேம் பெருசு:
மாத்திட்டேன் தம்பி. உருளுது. நல்லாவே உருளுது. மிஷன்தான் இன்னும் தாண்டலை, 14 நிமிஷத்துல பேத்தி வந்து கன்ட்ரோலரைப் பிடுங்கிட்டா.