டயாலிசிஸில் எல்.ஏ.எம். நோயாளி: நுரையீரல், கிட்னி இரண்டையும் சேர்த்து மாற்றலாமா?

கேள்வி (பென்னாகரம் டயாலிசிஸ்):
பெண், 36 வயது. டியூபரஸ் ஸ்க்ளெரோசிஸ் (பல உறுப்புகளில் கட்டி வளரும் மரபணு நோய்). நுரையீரலில் எல்.ஏ.எம். (காற்றுப் பைகள் உண்டாகி நுரையீரல் சிதையும் நோய்), இரண்டு கிட்னியிலும் கட்டி. வாரம் 3 டயாலிசிஸ், வீட்டில் ஆக்சிஜன் 4 லிட்டர். சிரோலிமஸ் (கட்டி வளராமல் தடுக்கும் மருந்து) ஓடுகிறது. உறுப்பு மாற்றுக்கு அனுப்புவது சென்னையா, பெங்களூரா? அனுப்பும் முன் இங்கே என்னென்ன பார்த்து வைக்கணும்?

நெஞ்சக மருத்துவர்:
முதல் சிக்கல் சிரோலிமஸ்தான். அது உடம்பில் இருக்கும்போது நுரையீரல் வைத்தால் மூச்சுக்குழாய் தையல் ஆறாமல் பிரிந்துவிடும், உயிருக்கே ஆபத்து. உடம்பில் அதன் அளவு பாதியாகவே 60 மணி நேரத்துக்கு மேல் ஆகும். உறுப்பு வந்துவிட்டது என்று போன் வந்த பிறகு நிறுத்திப் பயனில்லை. அதற்காக இப்போதே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கட்டி மறுபடி வளரும். எப்போது நிறுத்துவது என்பதை மாற்று மையம் முடிவு செய்யட்டும். நெஞ்சில் காற்று புகுந்ததால் நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைத்திருந்தால் எந்தப் பக்கம், டால்க் (ஒட்டவைக்கும் பொடி) போட்டதா என்று எழுதி அனுப்புங்கள். அந்தப் பக்கம் பிரித்தெடுக்கும்போது ரத்தம் நிறையப் போகும்.

கிட்னி பிரிவு:
டிரை வெயிட்டை (தேங்கிய நீர் இல்லாத உடல் எடையை) சரியாகப் பிடித்த பிறகே நுரையீரல் பரிசோதனைகள். தேங்கிய நீரும் மூச்சுத்திணறல்தான் தரும், கணக்கு தப்பிவிடும். எக்கோவில் (இதய ஸ்கேன்) நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் கூடுதலாக இருந்தால் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இணைத்த ரத்தக்குழாய்) ஓட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள், அது அதிகமானாலும் அழுத்தம் கூடும். கட்டியில் ரத்தக்கசிவு இருந்தால் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) இல்லாமல் டயாலிசிஸ் ஓட்டுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்:
ஒரே தானம் தருபவரிடமிருந்து இரண்டும் கிடைத்தால் நுரையீரல்தான் முதலில். அது 6 மணி நேரம் தாங்கினாலே பெரிது. கிட்னி ஐஸில் ஒரு நாள் வரை இருக்கும், ரத்த அழுத்தம் நிலைத்த பிறகு வைப்பார்கள். இழுபறி அதற்கப்புறம்தான்: புது நுரையீரலுக்கு நீர் ஆகாது, புது கிட்னிக்கு நீர் வேண்டும். அதனால் வீட்டில் கிட்னி கொடுக்க ஆள் இருந்தால், நுரையீரல் தேறிய பிறகு தனியாக வைப்பதையும் கேட்டுப் பாருங்கள். என் பார்வையில் பல நேரம் அதுவே நல்லது.

உறுப்புக்குப் பதிய இருப்பிடச் சான்று கட்டாயமில்லை என்று மத்திய அரசு 2023இல் சொல்லிவிட்டது. ஆனால் பங்கீட்டு வரிசை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கேட்டுவிட்டுப் பதியுங்கள். தருமபுரியிலிருந்து சென்னை சுமார் 300 கி.மீ. பெங்களூர் அதில் பாதிகூட இல்லை, ஆனால் எல்லையில் அத்திப்பள்ளி நெரிசலையும் கணக்கில் வையுங்கள். பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரில் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட்டத்தில் 6 மணி நேரம். வண்டியில் இரண்டு வேண்டும்.

பென்னாகரம் டயாலிசிஸ்:
இடது பக்கம் டால்க் போட்டிருக்கு சார். ஃபிஸ்டுலா டாப்ளர் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) சேலத்தில் எடுத்துவிட்டுப் போடுகிறேன்.