மறு: முகப்பா, தலைவாசலா?

வணக்கம்.

மென்பொருள் எழுதும்போது திரும்பத் திரும்ப வரும் சிக்கலுக்கான தீர்வு வடிவத்தைக் 'கோலம்' (pattern) என்கிறோம். அவற்றில் 'ஃபசாட்' (facade) என்ற கோலத்துக்குத் தமிழில் 'முகப்பு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று சென்னையிலிருந்து ஐயா எழுதிய மடலை இரண்டு தடவை வாசித்தேன். அகராதிப்படி பிழையில்லை. 'ஃபசாட்' என்பது கட்டடத்தின் முன்புறத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்தான். ஆனால் வகுப்பறையில் அது சரிவரவில்லை. சென்ற மாதம் 'முகப்பு' என்று சொல்லிக் கற்பித்துவிட்டு, அதைப் படமாக வரையச் சொன்னேன். பாதிப்பேர் கணினித் திரையையும் பொத்தான்களையும் வரைந்து தந்தார்கள். பிள்ளைகள் மேல் குறையில்லை. முகப்புப் பக்கம், இடைமுகம் என்று நாள்தோறும் கேட்டவர்களுக்கு 'முகம்' என்றால் கண்ணுக்குத் தெரிவதுதான்.

இந்தக் கோலத்துக்கும் தோற்றத்துக்கும் தொடர்பே இல்லை. ஒரு மருந்துக்கடைக்கு நாங்கள் எழுதிய நிரலில் பற்றுச்சீட்டு போடும் இடங்கள் 14 இருந்தன. இருப்பைக் குறைக்கும் கூறு, கணக்கில் பதியும் கூறு, அச்சிடும் கூறு என மூன்றையும் ஒவ்வோர் இடமும் தானே அழைத்தது. எதை முதலில் அழைப்பது என்ற ஒழுங்கும் 14 இடங்களில் சிதறிக் கிடந்தது. அச்சிடும் கூறை மாற்றியபோது 13 இடங்களைத் திருத்திவிட்டு ஒன்றைத் தவறவிட்டோம். அங்கே இருப்பு குறைந்தது, பற்றுச்சீட்டு வரவில்லை. பிறகு மூன்றுக்கும் முன்னால் ஒரே கூறை நிறுத்தி, 'விற்பனையைப் பதி' என்ற ஒரே கட்டளையை அதற்குக் கொடுத்தோம். முன்னால் நிற்கும் அந்தக் கூறுதான் ஃபசாட். அடுத்த முறை அச்சிடும் கூறை அடியோடு மாற்றி எழுதினோம். அந்த 14 இடங்களில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை.

இதற்கு நான் முன்வைக்கும் சொல் 'தலைவாசல்'. எங்கள் பழைய யாழ்ப்பாணத்து வீடுகளில் தலைவாசல் வெறும் கதவு அல்ல, வந்தவரை இருத்திப் பேசும் இடம். அங்கே இருந்தபடி தண்ணீர் கேட்டால் செம்பில் வரும். கிணறு எந்தப் பக்கம், அடுக்களையில் யார் நிற்கிறார் என்பதெல்லாம் வந்தவருக்கு வேண்டாத விஷயம். அடுக்களையை இடித்துக் கட்டினாலும் அவருக்குச் செம்பு வந்துவிடும்.

தலைவாசல் என்றால் மற்ற வழிகள் அடைபட்டதுபோல் தொனிக்கிறதே என்று கனடாவிலிருந்து தங்கை கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஃபசாட் உள்ளே இருப்பதைப் பூட்டி வைப்பதில்லை. தேவைப்பட்டவர் உட்கூறை நேரே அழைக்கலாம். தலைவாசல் உள்ள வளவிலும் பின்படலை இருக்கும், வீட்டுக்காரர் அதனால் போய்வருவார். அந்த வகையிலும் சொல் பொருந்துகிறது.

'பதிலி' (proxy) என்ற இன்னொரு கோலத்தோடு இது குழம்பாது. பதிலி ஒரே பொருளுக்குப் பதிலாக, அதே இடைமுகத்தோடு, அதாவது வெளியிலிருந்து அழைக்கும் அதே கட்டளைகளோடு, நிற்பது. தலைவாசல் பல கூறுகளுக்கு முன்னால், புதிய எளிய இடைமுகத்தோடு நிற்பது. 'பொருத்தி' (adapter) என்ற கோலம் வட்டமுள் பிளக்கைச் சதுரத்துளையில் மாட்ட உதவுவது போன்றது. அதில் நமக்குள் கருத்துவேறுபாடில்லை.

கோலம் என்ற கருத்தே கட்டடக்கலைஞர் கிறிஸ்தோபர் அலெக்சாண்டரின் எழுத்துகளிலிருந்துதான் மென்பொருளுக்கு வந்தது. ஆகவே வீட்டிலிருந்து சொல் எடுப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. Pattern என்பதற்குத் 'தோரணி' என்பதைவிடக் 'கோலம்' என்பதே எனக்கு உவப்பு. இங்கே பிள்ளைகள் கணிதத்தில் எண்கோலம் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கூறுகளை ஒன்றோடொன்று இணைக்கும் வகைக்குக் 'கட்டமைப்புக் கோலம்' என்றதும் பிடித்துக்கொள்கிறார்கள்.

1994இல் 'Design Patterns' நூலின் ஆசிரியர்கள் நால்வர் வகுத்த 23 கோலங்களில் கட்டமைப்புக் கோலங்கள் 7. அவற்றில் 'ஃபிளைவெயிட்' (flyweight) மட்டும் நம்மிடம் இன்னும் தமிழ்ப் பெயரில்லாமல் நிற்கிறது. அது குத்துச்சண்டை எடைப்பிரிவின் பெயர். அதை அப்படியே பெயர்த்தால், ஒரே பொருளைப் பல இடங்கள் பகிர்ந்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் செய்தி தொலைந்துவிடும். 'பகிர்பொருள்' சரிவருமா? சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனரி மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கலைச்சொல்லுக்கு வகுப்பறையே உரைகல் என்று நான் நம்புவதற்கு அவர் ஒரு காரணம். வரும் வாரம் புதிய அணிக்குத் 'தலைவாசல்' என்று சொல்லிக் கற்பித்து, அதே பயிற்சியைக் கொடுக்கப் போகிறேன். என்ன வரைகிறார்கள் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
கொக்குவிலிலிருந்து