கயிற்றின் இழுவிசை எங்கே ஒன்றாக இருக்கும், எங்கே மாறும்? பார்த்ததைச் சொல்லுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டப் பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப் போகிறவர்கள். கப்பிக் கணக்கு வந்ததும் வகுப்பு திணறும். ஒரு பக்கம் 3 கிலோ, மறுபக்கம் 2 கிலோ, மேலே கப்பி. இழுவிசை எவ்வளவு என்றால் கனமான பக்கம் 29.4 நியூட்டன், லேசான பக்கம் 19.6 நியூட்டன் என்று பலரும் எழுதுவார்கள். "கனமான பக்கம் கயிறு அதிகமா இழுபடாதா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு "சூத்திரத்தைப் போடு" என்று பதில் சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

கயிற்றில் ஒரு சிறு துண்டை மட்டும் வரையச் சொன்னேன். அதை மேலே உள்ள கயிறு ஒரு பக்கம் இழுக்கிறது, கீழே உள்ளது மறுபக்கம் இழுக்கிறது. நிகர விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம். கயிற்றுக்கு நிறையே இல்லை என்று வைத்துக்கொண்டால், முடுக்கம் எவ்வளவாக இருந்தாலும் நிகர விசை பூஜ்ஜியம்தான். ஆக இரண்டு இழுப்பும் சமம். துண்டு துண்டாக இதையே சொல்லிக்கொண்டு போனால் கயிறு முழுக்க ஒரே இழுவிசை. கப்பிக்கும் நிறையும் உராய்வும் இல்லையென்றால் வளைவிலும் அது மாறாது. கயிறு நீளாது என்பது வேறு நிபந்தனை. அது இழுவிசையைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு எடைகளும் ஒரே அளவு முடுக்கத்தில் நகரும் என்று மட்டும் சொல்கிறது. பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அப்புறம் கணக்குப் போட்டோம். முடுக்கம் 1.96 மீ/வி², இழுவிசை 23.5 நியூட்டன். இரண்டு எடைகளுக்கும் நடுவில் விழுகிறது பாருங்கள். கனமானது வேகம் பிடித்து இறங்க, கயிறு அதன் எடையைவிடக் குறைவாக இழுக்க வேண்டும். லேசானது ஏற, அதன் எடையைவிட அதிகமாக இழுக்க வேண்டும். ஆங்கிலேய அறிவியலாளர் ஜார்ஜ் அட்வுட் 1784-இல் தம் நூலில் விவரித்த அமைப்பு இது. இரண்டு எடைகளையும் கிட்டத்தட்ட சமமாக வைத்தால் இயக்கம் மெதுவாகி, நேரத்தை அளக்க முடியும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கேள்வி. கப்பியைத் தாங்கும் கொக்கி எவ்வளவு சுமக்கிறது? எல்லோரும் 5 கிலோவின் எடை, 49 நியூட்டன் என்றார்கள். கயிறு கப்பியின் மேல்வளைவு முழுக்க அழுத்துகிறது. அந்த அழுத்தங்களைக் கூட்டினால் இரண்டு இழுவிசை, அதாவது 47 நியூட்டன்தான். எடைகள் ஓடும் வரை கொக்கிக்குச் சுமை குறைவு. கையால் பிடித்து நிறுத்தாமல், இரண்டையும் ஒன்றோடொன்று கட்டி அசையாமல் வைத்தால்தான் 49.

உங்கள் வேலையிடத்தில் கயிறு என்ன செய்கிறது? எழுதுங்கள்.

பதில்: தோட்ட வொர்க்‌ஷாப்பிலிருந்து

சார், மழைக்காலத்தில் குலை ஏற்றிய டிராக்டர் சேற்றில் புதைந்துவிட்டது. இழுக்க வேறு வண்டி இல்லை. எங்கள் மண்டோர் (மேற்பார்வையாளர்), டிராக்டருக்கும் எதிரே இருந்த பெரிய மரத்துக்கும் நடுவே கயிற்றை விறைப்பாகக் கட்டச் சொன்னார். பிறகு கயிற்றின் நடுப்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளச் சொன்னார். வண்டி அசைந்தது! அன்று ஆச்சரியமாக இருந்தது, பிற்பாடு பாலிடெக்னிக்கில்தான் கணக்கு புரிந்தது. கயிறு இருபுறமும் 5 பாகை வளைந்தால், 300 நியூட்டன் தள்ளுக்குக் கயிற்றில் சுமார் 1,720 நியூட்டன் வரும். கிட்டத்தட்ட ஆறு மடங்கு. வண்டி நகர நகர வளைவு கூடும், ஆதாயம் குறையும், மறுபடி இறுக்கிக் கட்ட வேண்டும்.

உங்கள் பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்: நிஜக் கயிறு கொஞ்சம் நீளும். நீண்டால் அதில் ஆற்றல் சேரும். அறுந்தால் அது சாட்டையாகத் திரும்பி வரும். கயிற்றின் நேர்கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

பதில்: கோவில் திருவிழாக் குழுவிலிருந்து

நான் தேர் வடம் பிடிப்பவன். எங்கள் வடத்தில் இழுவிசை எல்லா இடத்திலும் ஒன்றல்ல, சார். வடம் கனம் என்பது மட்டும் காரணமில்லை. வழிநெடுக கைகள் அதைப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு கையும் உராய்வால் வடத்தை முன்னோக்கி இழுக்கிறது. ஒருவர் 200 நியூட்டன் இழுக்கிறார், வடத்தில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆக முன்னால் நிற்கும் முதல் ஆளுக்குப் பின்னால் 200 நியூட்டன்தான். இருபதாவது ஆளைத் தாண்டினால் 4,000. தேரில் கட்டிய முனையில் 8,000. ஒரே வடம், இடத்துக்கு இடம் வேறு வேறு இழுவிசை.

அதனால் திருவிழாவுக்கு முன் வடத்தைச் சோதிக்கும்போது தேர்ப்பக்க முனையையும் அங்குள்ள முடிச்சையும் முதலில் பார்க்கிறோம். வடம் தேய்ந்திருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி கட்டுவோம்.