‘ரன்னிங்’, ‘ஹேவிங்’, ‘எக்ஸ்பெக்டிங்’: ஒரே ‘இங்’குக்கு ஏன் இத்தனை பொருள்?

கேட்டவர்:
எல்லோருக்கும் வணக்கம். வேலை நிமித்தம் ஆங்கில மின்னஞ்சல்கள் நிறையப் படிக்க வேண்டியிருக்கிறது. வினைச்சொல் ‘இங்’ என்று முடிந்தால் ‘கொண்டிருக்கிறேன்’ என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதை நம்பிப் படித்தால் பல வாக்கியங்கள் பிடிபடவே இல்லை. சில மட்டும் இங்கே:

‘வீ ஆர் ரன்னிங் லேட்.’ யாரும் ஓடியதாகத் தெரியவில்லை.
‘வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்.’
‘ஷீ இஸ் எக்ஸ்பெக்டிங்.’ எதை எதிர்பார்க்கிறார் என்று வாக்கியத்திலேயே இல்லை.
‘ஐ ஆம் மீட்டிங் தெம் ஆன் மண்டே.’ திங்கட்கிழமை இன்னும் வரவில்லையே, அதற்குள் எப்படிச் சந்தித்துக்கொண்டிருக்க முடியும்?

அகராதியில் ‘ரன்’ என்று தேடினால் பொருள்கள் முடிவில்லாமல் நீள்கின்றன. எங்கிருந்து பிடிப்பது என்று யாராவது வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1:
முதலில் உங்கள் வாக்கியங்களை முடித்துவிடலாம். ‘ரன்னிங் லேட்’ என்றால் தாமதமாகிறது. ‘ரன்னிங் அவுட் ஆஃப் டைம்’ என்றால் நேரம் தீர்ந்துகொண்டே வருகிறது. ‘ஷீ இஸ் எக்ஸ்பெக்டிங்’ என்று மட்டும் நிறுத்தினால் அவர் கர்ப்பமாக இருக்கிறார் என்று பொருள். திங்கட்கிழமை சந்திப்பு ஏற்கெனவே பேசி முடிவானது. அகராதியில் ‘ரன்’னைத் தேடாதீர்கள், ‘ரன் அவுட் ஆஃப்’ என்று சேர்த்தே தேடுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் நண்பர் இரண்டு சிக்கல்களை ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார். ‘ரன்’ என்ற வினைக்குப் பல பொருள் இருப்பது ஒன்று. ‘இங்’ என்ற விகுதி பல வேலை செய்வது இன்னொன்று. பிரித்துப் பார்த்தால் இரண்டுமே அவ்வளவு கடினமில்லை.

விகுதியை முதலில் பார்ப்போம். ‘ரன்னிங் இஸ் குட் ஃபார் யூ’ என்பதில் அது ‘ஓடுவது’. ‘ரன்னிங் வாட்டர்’ என்றால் ‘ஓடும் நீர்’. ‘ஹீ கேம் ரன்னிங்’ என்றால் ‘ஓடி வந்தான்’. ‘ஹீ இஸ் ரன்னிங்’ என்றால்தான் ‘ஓடிக்கொண்டிருக்கிறான்’. தமிழில் தொழிற்பெயர், பெயரெச்சம், வினையெச்சம், தொடர்வினை என்று நான்கு வடிவங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்ததை ஆங்கிலம் ஒரே விகுதியின் தலையில் கட்டியிருக்கிறது. பள்ளியில் சொன்னது தவறல்ல. நான்கில் ஒன்றை மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த நிலைக்கு ஒரு வரலாறும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘ஓடுதல்’ போன்ற பெயர்களுக்கு ‘உங்’, ‘இங்’ என்ற விகுதிகளும், ‘ஓடுகிற’ போன்ற எச்சங்களுக்கு ‘எண்டே’ என்ற வேறு விகுதியும் இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. உறவு மொழியான ஜெர்மனில் இன்றைக்கும் ‘உங்’ தனி, ‘எண்ட்’ தனி.

கலந்ததால் வரும் குழப்பம் ஆங்கிலேயருக்கும் உண்டு. ‘ஃப்ளையிங் ப்ளேன்ஸ் கேன் பி டேஞ்சரஸ்’ என்பது மொழியியல் படிப்பவர்கள் எல்லோரும் சந்திக்கும் எடுத்துக்காட்டு. ஆபத்து விமானம் ஓட்டுவதிலா, பறக்கும் விமானங்களாலா? வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ‘கேன் பி’ இருக்கும் இடத்தில் ‘இஸ்’ போட்டால் ஓட்டுவது, ‘ஆர்’ போட்டால் விமானங்கள்.

இனி வினையின் பொருள். நாமும் ‘ஓடு’ என்பதைக் காலால் ஓடுவதற்கு மட்டுமா வைத்திருக்கிறோம்? கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, ‘எனக்கு ஒன்றும் ஓடவில்லை’ என்கிறோம். திங்கட்கிழமை விஷயமும் அப்படித்தான். ‘திங்கட்கிழமை அவர்களைச் சந்திக்கிறேன்’ என்று எழுதிப் பாருங்கள், நெருடவே இல்லை. முடிவான எதிர்காலத்தைத் தமிழும் நிகழ்காலத்தில்தான் சொல்கிறது. நெருடுவது அந்தக் ‘கொண்டிருக்கிறேன்’ மட்டுமே.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. நான்காகப் பிரித்துக் காட்டியது பெரிய உதவி. இன்னொன்று. ‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’ தவறு என்கிறார்கள். ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ மட்டும் எப்படிச் சரி?

மறுமொழி 3:
கார் வைத்திருப்பது ஒரு நிலை. மதிய உணவு சாப்பிடுவது ஒரு செயல், தொடங்கும், முடியும். ஆங்கிலம் பொதுவாகச் செயலுக்குத்தான் இந்தத் தொடர்வடிவத்தைத் தரும்.

நான் மாணவர்களுக்குச் சொல்வது இது: தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்குகிறதா பாருங்கள். எனக்குத் தெரியும், எனக்குப் புரிகிறது, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குக் கார் இருக்கிறது. இவற்றுக்கான ஆங்கில வினைகள் பெரும்பாலும் ‘இங்’ ஏற்பதில்லை. ‘நான்’ என்று தொடங்கும் ‘நான் சாப்பிடுகிறேன்’ தாராளமாக ஏற்கும். விலக்குகள் உண்டு, ‘எனக்கு வலிக்கிறது’ என்பதை ‘இட்ஸ் ஹர்ட்டிங்’ என்று சொல்லலாம். என்றாலும் தொடக்கத்தில் இது நன்றாகவே கைகொடுக்கும்.

நிலையைச் சொல்லும் வினை ‘இங்’ ஏற்றால் பொருளே மாறிவிடும், அங்கே கவனம் தேவை. ‘ஐ திங்க்’ என்பது என் கருத்து, ‘ஐ ஆம் திங்கிங்’ என்றால் யோசிக்கிறேன். ‘ஹீ இஸ் ரூட்’ என்றால் ஆளே முரடர். ‘ஹீ இஸ் பீயிங் ரூட்’ என்றால் இப்போது அப்படி நடந்துகொள்கிறார், அவ்வளவுதான். ‘ஷீ இஸ் சீயிங் சம்ஒன்’ என்பதில் பார்வைக்கு வேலையே இல்லை. அவர் ஒருவரைக் காதலித்துப் பழகுகிறார்.

மறுமொழி 1:
மின்னஞ்சல் என்று சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். ‘ஐ ரிமெம்பர் செண்டிங் இட்’ என்றால் அனுப்பியது நினைவிருக்கிறது. ‘ரிமெம்பர் டு செண்ட் இட்’ என்றால் அனுப்ப மறந்துவிடாதீர்கள், அதாவது இன்னும் அனுப்பவில்லை. ‘ஸ்டாப்ட் டாக்கிங்’ என்றால் பேச்சை நிறுத்தினார். ‘ஸ்டாப்ட் டு டாக்’ என்றால் பேசுவதற்காக நின்றார்.

கேட்டவர்:
அப்படியானால் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்பதில் ‘டு’வுக்குப் பிறகும் ‘இங்’ வருகிறதே?

மறுமொழி 2:
அந்த ‘டு’ வேறு. ‘செண்ட்’டுக்கு முன்னால் வந்தது வினையோடு ஒட்டியது. இது நம் நான்காம் வேற்றுமை போல ஒரு பெயரைக் கேட்கும் ‘டு’. அதனால் ‘ஹியரிங்’ இங்கே தொழிற்பெயர். ஐயம் வந்தால் வினையை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்’ சரியாக நிற்கிறது, ஆகவே ‘இங்’ வரும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு இட்’ என்பதும் நிற்கும். எனவே ‘ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் லேட்’, அதாவது நேரங்கழித்து வேலை செய்வது பழகிவிட்டது. ‘ஆம்’ இல்லாத ‘ஐ யூஸ்ட் டு வொர்க் லேட்’ என்றால் முன்பெல்லாம் அப்படி வேலை செய்துவந்தேன், இப்போது இல்லை.