வார்டு டாக்டர் 1996-ல்தான் பிறந்தாரா?

பொதிகைச்சாரல்: ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார்: "வார்டில் படுத்திருப்பவர்களை மட்டுமே பார்க்கும் ஹாஸ்பிடலிஸ்ட் டாக்டர் 1996-ல் அமெரிக்காவில் வந்தார், திருநெல்வேலிக்கு இன்னும் வரவில்லை." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1965-ல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்த ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் யூனிட் சீஃப், பிஜி என்ற மேல்படிப்பு டாக்டர், ஹவுஸ் சர்ஜன் என்று வார்டைச் சுற்றியவர்கள் எல்லாம் யார்?

வண்ணார்பேட்டை மகள்: அண்ணாச்சி, அந்த சீஃப் ஓபியும் பார்க்கிறார், பாடமும் எடுக்கிறார். நான் சொல்பவருக்கு வெளியே கிளினிக் கிடையாது, நாள் முழுக்க வார்டுதான். 1996-ல் அந்தப் பெயரை வைத்தது அமெரிக்க டாக்டர்கள் ராபர்ட் வாக்டரும் லீ கோல்ட்மனும்.

பொதிகைச்சாரல்: பெயர் வைத்த அன்றைக்கா பிள்ளை பிறந்தது? இங்கிலாந்தில் அதற்கு வெகு முன்பே குடும்ப டாக்டர் வேறு, வார்டு டாக்டர் வேறு. 1996 தப்பு.

வண்ணார்பேட்டை மகள்: வருஷத்தை விடுங்கள். அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார்கள். இதய டாக்டர் காலையில் வருவார். சுகர் டாக்டர் கிளினிக்கை முடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வருவார். கேஸ் ஷீட்டில் ஒரே பிரஷர் மாத்திரை, இரண்டு கம்பெனிப் பெயரில், ஒன்று நீல மையில், ஒன்று கறுப்பு மையில். கண்டுபிடித்தது மாத்திரை கொடுக்க வந்த சிஸ்டர். டியூட்டி டாக்டரிடம் கேட்டால், "பெரிய டாக்டர் வரட்டும்." மறுநாள் வேறு டியூட்டி டாக்டர், திரும்ப முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். அம்மாவை முழுசாக அறிந்த ஒரு டாக்டர் அங்கே இல்லை.

கடையநல்லூர்க்காரன்: டியூட்டி டாக்டரை இளக்காரமாகப் பேசாதீர்கள். என் தம்பி அந்த வேலைதான் பார்க்கிறான். மேல்படிப்புக்கான நீட் பிஜி தேர்வுக்குப் படித்துக்கொண்டே ராத்திரி முழுக்க மூன்று மாடிக்கு ஒற்றை ஆள். மருந்தை மாற்ற அவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

வண்ணார்பேட்டை மகள்: அதைத்தானே நானும் சொல்கிறேன்! அதிகாரத்தோடு ஒருவர் வார்டிலேயே இருக்க வேண்டும்.

பொதிகைச்சாரல்: ஹைகிரவுண்டில் சேர்த்திருந்தால் இந்தக் கஷ்டமே இல்லை. 1965 முதல் இருக்கிறது. கடையநல்லூர் தம்பி, நீங்கள் 2019-லேயே தென்காசி மாவட்டம் என்று பிரிந்து போய்விட்டீர்கள், உங்களுக்கு இதில் என்ன?

கடையநல்லூர்க்காரன்: மாவட்டம் பிரிந்தால் ஹைகிரவுண்டுக்கு வரக்கூடாதா? அது என்ன உங்கள் பாட்டன் சொத்தா?

வண்ணார்பேட்டை மகள்: ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், அண்ணாச்சி. அந்த கேஸ் ஷீட்டுக்குப் பதில் சொல்லுங்கள்.

பொதிகைச்சாரல்: முதலில் 1996-ஐத் திருத்துங்கள், அப்புறம் பேசலாம்.

வண்ணார்பேட்டை மகள்: திருத்த மாட்டேன்.