'சிகாகோ அத்தை'க்குத் தமிழ் சப்டைட்டில்: ஆங்கிலத்திலிருந்து எடுத்தால் போதுமா?

பொங்கோல்கரை:
சமூக மன்றத்தில் மூத்தோரும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து பார்க்க, 1957இல் அலேக்கோஸ் சாக்கெல்லாரியோஸ் இயக்கிய கிரேக்கப் படம் 'சிகாகோவிலிருந்து வந்த அத்தை'யைப் போட இருக்கிறோம். கையில் ஆங்கில சப்டைட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதை அப்படியே தமிழாக்கினால் சரிவருமா? போகப்போக சப்டைட்டில் வேறு பேச்சுக்குப் பிந்துகிறது.

திரைக்காதலன்:
கதை புரியும், ஆனால் அந்தஸ்து தெரியாது. இந்தப் படத்துக்கு அதுதான் உயிர். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி அப்பா, கல்யாணமாகாத நான்கு பெண்கள், ஊர் என்ன சொல்லுமோ என்று பூட்டிவைத்த வீடு. அமெரிக்காவிலிருந்து வரும் அவர் சகோதரி பழைய தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கியெறிந்து வீட்டையே மாற்றி, பெண்களுக்கு மாப்பிள்ளை தேட இறங்குகிறாள். யார் யாரை எப்படி விளிக்கிறார்கள் என்பதில்தான் பாதிச் சிரிப்பு.

கிரேக்கத்திலும் மரியாதைப் பன்மை உண்டு. ஆங்கிலத்துக்கு வரும்போது அது காணாமல் போய்விடும். அதனால் காதால் கேட்டுச் சரிபாருங்கள். 'எலா' என்றால் 'வா', 'எலாதே' என்றால் 'வாங்க'. கட்டளை வினையின் கடைசியில் 'தே' ஒலித்தால் குறித்துக்கொள்ளுங்கள். பலரைச் சேர்த்துக் கூப்பிடும்போதும் அதே 'தே' வரும், எதிரே ஒருவர்தானா என்று படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 'நீங்க' எந்த இடத்தில் 'நீ' ஆகிறதோ அங்கே காதல் ஒரு படி ஏறியிருக்கலாம், அதைத் தவறவிடாதீர்கள்.

யோர்யியா வாசிலியாடூ நடிக்கும் பாத்திரத்தை 'அத்தை' என்றே போடுங்கள். இங்கே எல்லாரையும் 'ஆன்ட்டி' என்கிறோமே, அது வேண்டாம். அண்ணன் தம்பி வீட்டுப் பெண்களின் கல்யாணத்தில் அத்தைக்கு இருக்கும் உரிமை நம்மவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

தேக்கா எடிட்டர்:
பிந்துவதற்கு வருகிறேன். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் மொத்தமாக நகர்த்தினால் போதும். இடைவெளி கூடிக்கொண்டே போனால் ஃபிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படச்சட்டம் என்பது) ஒத்துப்போகவில்லை: பெரும்பாலும் சப்டைட்டில் 23.976க்கு, வீடியோ 25க்கு இருக்கும். அப்படியிருந்தால் 75 நிமிடத்தில் சுமார் 3 நிமிடம் பிந்திவிடும். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் ஃபிரேம் வேகம் மாற்றும் இடத்தில் 23.976இலிருந்து 25 என்று கொடுங்கள். மொழிபெயர்க்கத் தொடங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

வரிக்கு 30 எழுத்துக்குள், அதிகம் போனால் இரண்டு வரி. ஒரு வசனம் 1 நொடிக்குக் குறையாமல், 7 நொடிக்கு மேல் போகாமல் நிற்கட்டும். இவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசுவார்கள், எல்லாவற்றையும் எழுதினால் மூத்தோர் முகத்தைப் பார்க்கவே முடியாது. கூச்சல் சண்டையில் பாதியை வெட்டலாம்.

கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்து வெறும் கேள்விக்குறியாக வரலாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளைச் சுவர்மேல் வெள்ளை எழுத்து மறைந்துவிடும், பின்னால் மங்கலான கறுப்புப் பட்டை வையுங்கள்.

பொங்கோல்கரை:
மன்றத்துக் கணினியில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கின்றன. எழுத்துரு பிரச்சினையா?

தேக்கா எடிட்டர்:
பெரும்பாலும் பழைய பிளேயர். புதிய பதிப்பைப் போட்டு, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் சரியாகவில்லையென்றால் எழுத்தை வீடியோவிலேயே பதித்துவிடுங்கள், பிறகு எந்தக் கணினியிலும் குலையாது.

திரைக்காதலன்:
பதிப்பதற்கு முன் அனுமதி. தயாரிப்பு ஃபினோஸ் ஃபிலிம். திரையிடவும் தமிழ் சப்டைட்டில் சேர்க்கவும் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். பொதுத் திரையிடலுக்கு ஐஎம்டிஏ (சிங்கப்பூரில் படங்களை வகைப்படுத்தும் அரசு ஆணையம்) வகைப்பாடு தனி. தேதியை அறிவிக்கும் முன் இரண்டையும் தொடங்கிவிடுங்கள்.